அவளுக்கு விரல், எனக்கு முதுகு

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் வாசலைத் தாண்டித் தினமும் தூக்குவாளிகள் போயின. காலையில் ஒரு வீட்டிலிருந்து இட்லி, மதியம் இன்னொரு வீட்டிலிருந்து சோறும் மீன் குழம்பும், ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும். அவளுடைய சபை மக்கள் முறைபோட்டுக் கொண்டுவந்தார்கள். அவள் வீட்டுக்குப் போக எங்கள் முற்றத்தோரம்தான் வழி. நான் அடுக்களை ஜன்னலில் நின்று, இடுப்பை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி, யார் என்ன கொண்டுபோகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன மீன் என்பது மணத்திலேயே தெரிந்துவிடும். விலை கூடின நெய்மீன் என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. வெள்ளறடை ரோட்டிலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்குள் இறங்குகிற சரிவில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இடையில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கல்மதில். நான் கல்யாணமாகி இங்கே வந்த வருஷமே அவளும் வந்தாள். அவர்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள், நாங்கள் அம்மன் கோயில்காரர்கள். அதனால் எங்களுக்குள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வரும், ஓணத்துக்கு இங்கிருந்து பாயசம் போகும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் இரண்டு பேரும் சேர்ந்தே ரப்பர் மில்லில் வேலைக்குப் போனோம்.

சிரட்டையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலை ஒட்டுபால் என்போம். அதை லோடு லோடாக வாங்கி, தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, இரண்டு இரும்பு ரோலர்களுக்கு நடுவில் விட்டு நசுக்கித் தகடாக எடுக்கிற மில் அது. ஊறின ஒட்டுபாலின் நாற்றத்தை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் எங்கள் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே கிடக்கும். எந்த சோப்பு போட்டுக் குளித்தாலும் தலைமுடியிலிருந்து போகாது. இரண்டு பேருக்கும் ஒரே நாற்றம் என்பதால் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவோம், வருவோம்.

ரோலரின் ஒரு பக்கம் அவள் நின்று ஒட்டுபாலை உள்ளே கொடுப்பாள். மறுபக்கம் நான் நின்று தகடாக வருவதை வாங்கி மடக்குவேன். ரோலருக்கு மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால் தரை எந்நேரமும் ஈரம், ஈரத்தின் மேல் ரப்பர் வழுவழுப்பு. அவள் நிற்கிற பக்கத்தில் வயிற்றளவில் ஒரு கம்பி உண்டு. ஆபத்து என்றால் உடம்பால் அதை ஓர் இடி இடித்தால் போதும், மிஷின் நின்றுவிடும். ஆனால் குனிந்தாலே அது இடிபட்டு மிஷின் நிற்கும், லோடு தாமதமாகும். சூப்பர்வைசர் ஒருநாள் அந்தக் கம்பியை ஒயரால் இழுத்துக் கட்டிவிட்டார். எல்லோரும்தான் பார்த்தோம். கட்டின பிறகு வேலை சுகமாக ஓடியது, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே நல்ல மழை. ஒட்டுபால் கட்டிக்குள் ஒரு சாக்குக் கயிறு கிடந்திருக்கிறது. அது ரோலருக்குள் போகும்போது அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டது. “அம்மோ!” என்று ஓர் அலறல். தலையைத் தூக்கிப் பார்த்தால் அவள் கை ரோலருக்குள் இருக்கிறது, வயிற்றால் அந்தக் கம்பியை இடி இடி என்று இடிக்கிறாள். கம்பி அசையவில்லை.

சுவிட்ச் எனக்குப் பின்னால், கழுவுகிற தொட்டிக்கு அந்தப் பக்கம் சுவரில் இருந்தது. நான் ஓடினேன். தொட்டிப் பக்கம் திரும்பும்போது கால் வழுக்கியது. தொட்டியின் சிமெண்டு விளிம்பில் நடு முதுகு போய் அடித்தது. இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதே தெரியவில்லை. முட்டியில் ஊர்ந்து போய், சுவரைப் பிடித்து எழும்பி, சுவிட்சைத் தட்டினேன். சத்தம் நின்றது. மழைச் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். ரோலரைக் கையால் பின்னோக்கிச் சுற்றி அவள் கையை எடுத்தார்கள். ஒருத்தி தன் ஷாலைக் கிழித்துக் கட்டினாள். வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள்? அதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டேன். புரிந்துகொள்ள முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. வேன் போனதும் சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நிண்ணு பாக்காத பிள்ளே. ஓஸ எடுத்து அந்தத் தரைய களுவிவிடு.”

அவளுடைய ரத்தத்தை நான்தான் கழுவினேன். குனிய முடியவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே ஹோஸ் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினேன்.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் தப்பின. மில்லிலிருந்து அன்றைக்கே விபத்தை எழுதி அனுப்பினார்கள், அனுப்பாமல் தப்ப முடியாது, அவ்வளவு பேர் பார்த்த ரத்தம். சம்பளத்தில் பிடிக்கிற தொழிலாளர் இன்சூரன்ஸ் அவளுக்கு உடனே ஓடத் தொடங்கியது. வைத்தியம் இலவசம், லீவு நாட்களுக்கும் சம்பளத்தில் பெரும்பங்கு பாங்கில் வந்து விழுந்தது. முதலாளியே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு காரில் வந்தார். அவள் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, “மக்களே, நீ ஒண்ணுக்கும் பேடிக்கண்டாம்” என்று தைரியம் சொன்னது மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. போகும்போது அவர் கார் எங்கள் வாசலில் திரும்பியது. நான் வாசலில்தான் நின்றேன். கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

எனக்குச் சூப்பர்வைசர் ஒரு தைலக்குப்பி கொடுத்தார். “ரெண்டு நாள் கிட. தைலம் போட்டா செரியாவும்.”

சரியாகவில்லை, மில்லுக்குப் போவதும் நின்றது. காலையில் பாயிலிருந்து எழும்ப, முதலில் பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி, முட்டிபோட்டு, பிறகு கதவைப் பிடிக்க வேண்டும். இடது காலில் ஒரு வெட்டு மின்னல் மாதிரி இறங்கும். ஆனால் நின்றுவிட்டால், ஒழுங்காகச் சேலை கட்டிக்கொண்டுவிட்டால், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் நல்ல சுகமாக இருக்கிற ஒரு பெண். அதுதான் எனக்குப் பெரிய எதிரியாகப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் கொத்தவேலை செய்கிறார். சாயங்காலம் வந்ததும் மதில் பக்கம் பார்த்து, “பாவம், அவளுக்கு இனி எங்கன ஒரு மீன் முறிக்க முடியும்?” என்பார். நான் அவர் குளிக்கத் தண்ணீர் கோரி வைத்துக்கொண்டிருப்பேன். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு மதில் ஏறி அவளுக்கு மரச்சீனிக் கிழங்கு உரித்துக் கொடுக்கப் போவாள். ஒருநாள் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு வந்தாள்.

“எடி, எனக்கொரு குடம் வெள்ளம் எடுத்து வைக்க உனக்கு நேரமில்ல,” என்றேன்.

“அம்மைக்குக் கை ரெண்டும் இருக்குல்லியா,” என்றாள் மகள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அடுக்களைக்குள் போய் நின்றேன். என் கைகளைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. அந்த நேரம் அந்தப் பத்து விரலையும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆரம்பத்தில் நானும் அவளைப் பார்க்கப் போனேன். வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஒரே கதையைச் சொன்னாள். கயிறு சுற்றியது, கை போனது, அப்புறம் மிஷின் நின்றது. மிஷின் நின்றது! தானாக நின்ற மாதிரி. யார் நிறுத்தினார்கள் என்று அவள் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதும் சொல்லவில்லை. உபதேசியார் கண்ணை மூடி, “கர்த்தர் மிஷினை நிறுத்தினார்” என்று ஜெபித்தார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ‘கர்த்தரில்லை ஐயா, நான்.’ எழும்பி வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. மதிலுக்கு இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோனது.

வலி தாங்காமல் ஒருநாள் நெய்யாற்றின்கரையில் உள்ள இன்சூரன்ஸ் டிஸ்பென்சரிக்குப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. ஸ்கேன் எடுக்கச் சொன்னார், எடுத்துக்கொண்டு போனேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற சவ்வு பிதுங்கி நரம்பில் அழுத்துகிறது என்றார். எப்படி நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஜோலி ஸ்தலத்து வச்சு வீணதாணோ? அப்போ கம்பெனி ரிப்போர்ட் எவிடெ?”

வேலை இடத்தில் விழுந்ததென்றால் மில்தான் உடனே எழுதி அனுப்பியிருக்க வேண்டும் என்று அவர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். அப்படி எழுதாதவரை இது காய்ச்சல் தலைவலி மாதிரி ஒரு சாதாரண நோய். வேலையில் பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டால்தான் லீவுக்கு உரிய பணமும், குறை நிலைத்துவிட்டால் மாதாமாதம் ஒரு தொகையும் கிடைக்கும். “சேச்சி இத்ரயும் நாள் எந்தா மிண்டாதிருந்தது?” இவ்வளவு நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறார். யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. இதை எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது வலியைக்காட்டிலும் வேறொன்றுதான் நெஞ்சில் எரிந்தது. அவளுக்கு வந்ததெல்லாம் எனக்கும் உரியதா? இவ்வளவு நாளும்?

மறுநாள் மில்லுக்குப் போய் முதலாளியின் அறையில் நின்றேன். சூப்பர்வைசரும் இருந்தார்.

“நீ விளுந்தத ஆரு பாத்தது?” என்றார் சூப்பர்வைசர். “வீட்டுல வெள்ளம் கோரும்பம் முதுகு பிடிச்சதா இருக்கும்.”

“எனக்க முதுகு எங்க வச்சுப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? அவளுக்க கை போன நேரம் ஆராக்கும் சுவிட்ச அணைச்சது? நீங்களா?”

முதலாளி சிரித்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன், யாரிடமும் சத்தம் போட்டதில்லை. “மக்களே, அந்தப் பிள்ளைக்கு வேண்டியது எல்லாம் செய்தாச்சு. ஒரு ஆக்சிடண்டுக்கு ரெண்டு பேருண்ணு சொன்னா ஆபீஸ்ல நம்புவினுமா? நீயே சொல்லு.”

நான் நேரே இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். மில் எழுதாவிட்டாலும் நானே விண்ணப்பம் கொடுக்கலாம், அவர்கள் விசாரிப்பார்கள் என்று அங்கே சொன்னார்கள். பார்த்த சாட்சி யாராவது உண்டா? கூட வேலை பார்த்த பெண்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். “உள்ளதச் சொன்னா நாங்க அவளையாக்கும் பாத்தோம்,” என்றார்கள். பொய்யில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். என் பக்கம் முகம் திருப்பி நின்றது ஒரே ஒருத்திதான், ரோலரில் கை மாட்டிக்கொண்டு.

அதற்குள் அவள் மில்லுக்குத் திரும்பியிருந்தாள். ரோலரில் இல்லை. கேட்டில் லோடு எடை பார்க்கிற இடத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே ஃபேன். முதுகு சாய்க்க ஒரு குஷன்கூட இருந்தது. அவளுக்கு முதுகில் என்ன? நான் மில்லுக்குப் போன அன்று அந்த நாற்காலியைத்தான் அதிகநேரம் பார்த்தேன். வேறெந்த நகையையும் சேலையையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு சாயங்காலம் மதிலருகே போனேன். அவள் இடது கையால் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கொரு காரியம் ஆவணும்,” என்றேன். “நான் விளுந்தத நீ பாத்தல்லியா? ஆபீஸ்ல வந்து அதச் சொல்லணும்.”

அவள் நிமிரவில்லை. “எனக்கு அந்த நேரம் ஒண்ணும் ஓர்ம இல்ல, பிள்ளே.”

“ஒண்ணுமே ஓர்ம இல்லியா? எல்லாம் மறந்துபோச்சா?”

“இல்ல.”

உள்ளே போய்விட்டாள். ஃபேனும் நாற்காலியும் போய்விடும் என்று பயம், வேறென்ன. ஒரு கைக்கு ஊரே அழுகிறது, அந்தக் கை மிச்சமிருக்கக் காரணமானவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. வந்த ஆத்திரத்தில் அவளைக் கேட்காமலேயே விண்ணப்பத்தில் சாட்சி என்று அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். வந்து பொய் சொல்லட்டும், என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

விசாரணை நாளில் பாறசாலையிலிருந்து ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்னால் ஏறினாள். கையைப் பார்த்ததும் ஒரு காலேஜ் பையன் எழும்பி இடம் கொடுத்தான். நான் சேலைக்கு அடியில் முதுகுக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்து நெய்யாற்றின்கரை வரை நின்றேன். ஒவ்வொரு ஹம்பிலும் பஸ் தூக்கிப் போடும்போது அவளைச் சபித்தேன்.

ஆபீஸில் ஒரு பெரிய மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். மில் சார்பில் சூப்பர்வைசர் வந்திருந்தார். தரை எப்போதும் துடைத்து உலர்ந்துதான் இருக்கும் என்று அவர் மலையாளத்தில் சொன்னார். பாதுகாப்புக் கம்பி வேலை செய்துகொண்டிருந்தது என்றார். நான் விழுந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றார். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் எழும்பி நின்றாள். வலது கையை முந்தானைக்குள் மறைத்து வைப்பது அவள் வழக்கம். அன்றைக்கு அதை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“சுவிட்சுக்குப் போற பாதையில ஒரு நீல டிரம் இருந்துது,” என்றாள். “இவ விளுந்த உடனே அதப் பிடிச்சு எழும்பப் பாத்தா. டிரம் உருண்டு போச்சு. பின்னயும் விளுந்தா. கால் ரெண்டும் இழுபட்டு வந்தது. முட்டுல ஊர்ந்தா. எனக்கு முகம் அந்தப் பக்கமாக்கும். நான் எல்லாம் கண்டேன் சாரே.”

நீல டிரம். எனக்கே அது மறந்துபோயிருந்தது. அவள் சொன்னதும் அந்தப் பிளாஸ்டிக்கின் வழுக்கல் என் உள்ளங்கைக்குத் திரும்பி வந்தது.

மேனேஜர் மலையாளத்தில் கேட்டார், அவள் மலையாளத்துக்கு மாறினாள். கம்பியை யார் கட்டினது, எதனால் கட்டினது, தான் எத்தனை தரம் அதை இடித்துப் பார்த்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். சூப்பர்வைசர் குறுக்கே பேசினார். அவள் அவர் பக்கம் திரும்பி, மிச்சமிருந்த இரண்டு விரலும் தெரிய அந்தக் கையைத் தூக்கினாள். “இவ ரெண்டாமது எழும்பல்லண்ணா எனக்குக் கைமுட்டு வரைக்கும் போயிருக்கும். உங்களுக்கும் தெரியும்.” எழுதிக்கொண்டிருந்த கிளார்க்கின் கண் கலங்கிவிட்டது.

எனக்காகத்தான் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் எனக்காக. அப்போதும் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கதையை என்னைவிட அவள் நன்றாகச் சொன்னாள். என்னைச் சொல்லச் சொன்னபோது நான் திக்கித் திணறி, தேதியை மாற்றிச் சொல்லி, திருத்தி உளறியிருந்தேன். நன்றியோடு சேர்ந்து அந்த எரிச்சலும் வந்தது. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை.

வெளியே ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் அவள் கையைப் பார்த்துவிட்டு, அவளுக்கு மட்டும் சாயாவை ஆற்றிக் கொடுத்தார்.

“ஓர்ம இல்லண்ணு சொன்னியே?” என்றேன்.

“உண்டு,” என்றாள். கிளாஸை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்திருந்தாள். “அந்த நேரத்தப் பத்தி நான் ஆருகிட்டயும் பறஞ்சதில்ல. எனக்க மாப்பிளைகிட்ட கூட. கயிறு சுத்திச்சு, மிஷின் நிண்ணுச்சு, அம்புட்டுதான். இடையில உள்ளத வாயில எடுத்தா எனக்கு மூச்சு முட்டும். கண்ண மூடினா நீயாக்கும் வாற. முட்டுல ஊர்ந்து போற, போற, போயிட்டே இருக்க. நீ இன்னும் சுவிட்சத் தொடல்ல, பிள்ளே.”

எனக்கு அந்த நாள் தரையைக் கழுவினதோடு முடிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் ரோலர் ஓடிக்கொண்டிருக்கிறது. சாயாவைக் குடித்து முடித்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு இடம் கொடுக்க ஓர் ஆள் எழும்பினார். அவள் என்னை முன்னால் தள்ளி, “இவளுக்கு முதுகு ஒடிஞ்சதாக்கும்,” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லி என்னை உட்கார வைத்தாள்.

என் காயத்தை வேலையில் பட்டதுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். பிறகு மெடிக்கல் போர்டு. டாக்டர்கள் என்னைக் குனியச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள், ஸ்கேனைப் பார்த்தார்கள். குறை எவ்வளவு என்று அவர்கள் நிர்ணயித்தது அவளுக்கு நிர்ணயித்ததில் பாதிகூட இல்லை. விரலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பார்த்தவுடன் போட்டுவிடலாம். முதுகுக்கு ஊகம்தான். மாதாமாதம் எனக்கு வருகிறது, அவளுக்கும் வருகிறது. இரண்டும் ஒரே நாளில்தான் பாங்கில் விழும். போனில் மணி அடித்ததும் மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் போனும் அடிப்பது கேட்கும். அவளுடையது பெரிய மணி.

விசாரணைக்குப் பிறகு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் மில்லுக்கு வந்தார். கம்பியின் கட்டை அவிழ்த்தார்கள். தரையில் வழுக்காத பாய் விரித்தார்கள், சுவிட்சை ரோலருக்குப் பக்கத்திலேயே மாற்றி வைத்தார்கள். சூப்பர்வைசர் வேறு இடத்துக்குப் போனார். அவளைக் கேட்டிலிருந்து எடுத்துவிட்டு ஒட்டுபால் பிரிக்கிற ஷெட்டில் நிறுத்தினார்கள். அந்த நாற்காலியில் இப்போது முதலாளியின் சொந்தக்காரப் பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. கேட்டபோது, “நிண்ணு செய்யிறது எனக்குப் பளகின சீலந்தானே,” என்றாள்.

அதற்கும் பெயர் அவளுக்குத்தான் கிடைத்தது. சுகமான வேலையை இழந்தும் கூட்டுக்காரிக்காகச் சாட்சி சொன்னவள் என்று சபையில் சொல்லி ஜெபித்தார்களாம். ‘கூட்டுக்காரி’ என்று ஒரு வார்த்தையில் நான் முடிந்துவிட்டேன். என் வீட்டுக்காரரும், “அவளப் போல ஒருத்தியப் பாக்க முடியாது, கேட்டியா,” என்றார். கேட்டேன்.

நான் மில்லை விட்டுவிட்டேன். உதியன்குளங்கரையில் செடி விற்கிற ஒரு நர்சரியில் மண் நிரப்புகிற வேலை. உட்கார்ந்தும் நின்றும் மாற்றி மாற்றிச் செய்யலாம், பாரம் தூக்க வேண்டியதில்லை. காலில் இறங்குகிற மின்னல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. நானும் அவளும் பழையபடி பேசுகிறோம். ஓணத்துக்குப் பாயசம் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் குறைத்துத்தான் ஊற்றினேன்.

இப்போது சுற்றுவட்டாரத்தில் யாருக்கு வேலையில் காயம்பட்டாலும் அவள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். பாறை உடைக்கிற இடத்தில் கண்ணில் சில்லு பட்டவர், மர அறுப்பு மில்லில் கால் போனவர். எந்த ஆபீஸ், யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், சாட்சிக்கு யார் வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுக்கிறாள், கூடவும் போகிறாள். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆபீஸ் படி ஏறி இறங்கி விண்ணப்பம் எழுதினது நான், அவளுக்கு மில்லே எல்லாம் செய்துகொடுத்தது. ஆனாலும் கேட்டு வருகிறவர்கள் எங்கள் முற்றத்தோரமாக என்னைத் தாண்டித்தான் போவார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்தது இது. வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைவிட இளையவள், முகமெல்லாம் வாடியிருந்தது.

“கை போன அக்காவுக்க வீடு இதுதானா?”

“என்ன காரியம்?” என்றேன்.

வெள்ளறடைக்கு அந்தப் பக்கம் வீடு கட்டுகிற சிமெண்டுக் கட்டை செய்கிற இடத்தில் அவளுக்கு வேலை. ஈரக் கட்டை நிறைந்த பலகையைத் தூக்கும்போது தோளில் ஏதோ கிழிந்த மாதிரி ஆகியிருக்கிறது. வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. அங்கே இன்சூரன்ஸும் இல்லை, ஒன்றுமில்லை. முதலாளி நம்ப மாட்டேன் என்கிறாராம்.

“பாத்தா ஒண்ணும் தெரியல்லியே, நடிக்குதேண்ணு பறயினும் அக்கா,” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

நான் அவள் தோளைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல சுகமாக இருக்கிற ஒரு தோள்.

“கேறி வா,” என்றேன்.

“அந்த அக்கா இல்லியா?”

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி அலசுகிற சத்தம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவ இல்ல. நீ இரு. இதுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ் இல்லண்ணா வேற ஆபீஸ் உண்டு. லேபர் ஆபீஸுல போய்க் கேப்போம். நான் வாறேன் உனக்க கூட.”

அவளை உட்கார வைத்தேன். தோளைச் சாய்க்க ஒரு தலையணை எடுத்துக் கொடுத்தேன். சாயாவுக்குத் தண்ணீர் வைத்தேன். துணி அலசுகிற சத்தம் நின்றது. மதிலுக்கு மேல் அவள் தலை தெரிந்தது.

“ஆராக்கும் வந்தது?” என்று கேட்டாள்.

“எனக்க ஆளு,” என்றேன்.